குதிரை எலும்புக் காணி

கெல்சென்கிர்ச்சன்
14.03.2004

ஜெயமலர்,

இது சுகம் விசாரிக்கும் கடிதம் இல்லை. மூன்று வருடமாக உன்னோடு பேச்சை விட்டிருந்தவன் இப்போதும் பேச்சுக்காக எழுதவில்லை, ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் நீ இடையில் வெட்டிப் பேசுவாய். கடிதத்தில் உன்னால் அது ஏலாது.

எங்கள் கோயில் சங்கம் ஊர் எல்லையில் ஒரு காணி வாங்கியது உனக்குத் தெரிந்திருக்காது. இத்தனை காலமும் பிள்ளையார் ஒரு தளபாடக் கடையின் நிலவறையில் இருக்கிறார். மேலே சோபா விற்கிறார்கள், கீழே பூசை நடக்கிறது. அவருக்குச் சொந்தமாக ஒரு கூரை வரட்டும் என்று தலைவர் தம்பித்துரை அண்ணையும் செயலாளராகிய நானும் அலைந்து திரிந்து கண்டுபிடித்த காணி அது. அத்திவாரம் கிண்டத் தொடங்கிய அன்றே எலும்பு வந்தது. மெசின்காரன் இறங்கி வந்து குனிந்து பார்த்தான், பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு சிகரெட் பற்றவைத்தான். தொல்பொருள் அலுவலகத்து ஆட்கள் வந்து வேலையை மறித்தார்கள். இப்போது ஓர் அகழ்வு நிறுவனம் தூரிகையால் கூட்டிக் கூட்டி எலும்பு எடுக்கிறது. குதிரை, நாய், பூனை. கிண்டக் கிண்ட வருகிறது.

அந்த அகழ்வுக்குப் பொறுப்பான ஜேர்மன்காரி, எலும்பெல்லாம் ஸ்டுட்கார்ட்டில் ஒரு நிபுணருக்குப் போகிறது என்று எங்கள் நிர்வாகசபைக்கு முன்னால் சொன்னாள். யார் என்று கேட்டோம். தாளைப் பார்த்து எழுத்துக் கூட்டி உன் பெயரை வாசித்தாள். தம்பித்துரை அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "உம்மட தங்கச்சி டொக்டர் எண்டெல்லோ சொன்னனீர்?" என்று கேட்டார். நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். பட்டம் வாங்கியவள்தானே, பொய் இல்லை. எதற்கு டொக்டர் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு உன்னைக் கூட்டிப்போக நாங்கள் ஸ்டுட்கார்ட் வந்த அன்று, கமலநாயகி உன் அடுப்பில் இருந்த பானையைத் திறந்தாள். சாம்பார் என்று நினைத்தாள். உள்ளே பன்றித் தலை கண்ணை மூடிக்கொண்டு அவிந்துகொண்டிருந்தது. உன் அண்ணி இன்றைக்கும் யார் வீட்டிலும் பானை திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திறக்கிறாள்.

கேட்பது இவ்வளவுதான். பழைய பண்ணைக் கழிவு, ஆடு மாடு கோழி, விசேஷமாக ஒன்றும் இல்லை என்று சுருக்கமாக எழுதி அனுப்பிவிடு. அவர்கள் மூடிவிட்டுப் போகட்டும், நாங்கள் கட்டுகிறோம். உன் படிப்பால் இந்தக் குடும்பத்துக்கு நாற்றத்தைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை. ஒரு தரமாவது பிரயோசனப்படட்டும்.

பாலச்சந்திரன்


ஸ்டுட்கார்ட்
23.03.2004

அண்ணா,

நான் சுகம். நீங்கள் கேட்காவிட்டாலும்.

பன்றித் தலையில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைத் தாண்டி வரவே இல்லை. மண்ணுக்குள் இருந்து வரும் எலும்புத் துண்டு எந்த மிருகத்தினது என்று அறிய, தெரிந்த மிருகத்தின் எலும்பு பக்கத்தில் இருக்க வேண்டும். இறைச்சி கழன்று எலும்பு தனியே வர அவிக்க வேண்டும். அன்றைக்கு ஆய்வுகூடத்தில் இடம் இல்லை, வீட்டில் அவித்தேன். அண்ணி மூடியில் கைவைக்க முன் ஒரு சொல் கேட்டிருக்கலாம். பிறத்தியார் பானையைக் கேளாமல் திறக்கிறவர்களுக்கு அதற்குள் என்ன இருந்தாலும் நான் பொறுப்பில்லை.

உங்கள் காணி எலும்புகள் வாழைப்பழப் பெட்டிகளில் வந்து இறங்கின. பாதிக்கு மேல் பார்த்துவிட்டேன். ஆடு மாடு கோழி என்று எழுதச் சொல்கிறீர்கள். அண்ணா, குதிரையின் பல்லையும் கோழியின் காலையும் பிரித்தறிய எனக்குப் பட்டம் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறீர்கள்.

எல்லாம் கிழட்டுக் குதிரைகள். பற்கள் தேய்ந்து அடிவரை வந்துவிட்டன. பாரம் இழுத்து இழுத்து முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன. இறைச்சிக்காகக் கொன்றிருந்தால் இளம் மிருகமாக இருக்கும், தோளிலும் தொடையிலும் வெட்டு இருக்கும். இவற்றில் கத்தி பட்ட கீறல் குளம்புக்குச் சற்று மேலேயும் முகத்திலும்தான். தோல் உரிக்கிறவன் அங்கேதான் கத்தியை வைத்துத் தொடங்குவான். நாய்களிலும் பூனைகளிலும் அதே கீறல். உரித்த பிறகு உடலைக் குழியில் தள்ளியிருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் காணியில் இருந்தவர்கள் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செத்த குதிரையையும் தெருநாயையும் ஊருக்கு வெளியே இழுத்துப்போய் உரித்துப் புதைக்கும் குடும்பங்கள் இந்த நாட்டில் ஒவ்வொரு ஊருக்கும் இருந்தன. கூட வந்த பானை ஓடுகள் முந்நூறு வருடத்துக்கு மேற்பட்டவை. ஊருக்கு அவர்கள் இல்லாமல் முடியாது, ஆனால் ஊர் அவர்களைத் தொடாது. மதுக்கடையில் அவர்களுக்குத் தனிக் குவளை. தேவாலயத்தில் தனி மூலை. கலியாணம் அவர்களுக்குள்ளேயே. மகன் வேறு தொழில் பழகப் போனால் எந்த வாசலும் திறக்காது.

உங்கள் நிர்வாகசபைக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய அவசியம் இராது என்று நினைக்கிறேன்.

கண்டதைத்தான் எழுதுவேன்.

ஜெயமலர்


கெல்சென்கிர்ச்சன்
02.05.2004

ஜெயமலர்,

உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை. அந்த ஜேர்மன்காரி உள்ளூர்ப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, குழிக்குள் குதிரை மண்டையோட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படமும் வந்துவிட்டது. "தீண்டப்படாதவர்களின் முற்றம்" என்று தலைப்பு. வெள்ளைக்காரன் எங்கள் சொல்லை எடுத்துத் தன் ஊருக்குப் போட்டிருக்கிறான், அதை எங்களுடைய பிள்ளைகள் வாசித்துத் தாய் தகப்பனுக்கு விளக்கம் சொல்கிறார்கள். உனக்குச் சந்தோசமாக இருக்கும்.

போன சனிக்கிழமை அவசரக் கூட்டம். தம்பித்துரை அண்ணை ஊரில் கோயில் தர்மகர்த்தா பரம்பரை. அவர் சொன்னால் சபை கேட்கும். பிணம் உரித்த மண்ணில் மூலஸ்தானம் வைக்க முடியாது, காணியை விற்க வேண்டும் என்றார். நகரசபைப் பணிமனைக்குக் கட்டட அனுமதி கேட்டு ஒரு வருடமாக விண்ணப்பம் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன் நான். மண்ணைக் கழித்துப் புதுமண் கொட்டலாம், சாந்தி செய்யலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

அப்போது துவாரகனும் பேசினான். உனக்கு அவனைத் தெரியாது. எலெக்ட்ரிக் வேலை செய்கிறவன், நிலவறைக் கோயிலுக்கு வயர் இழுத்தது முழுக்க அவன்தான், திருவிழாவுக்கு மைக் பூட்டுவதும் அவன்தான். "மனுசர் சீவிச்ச இடம்தானே அண்ணை, அதில என்ன குறை?" என்று கேட்டான். தம்பித்துரை அண்ணை அவனைப் பார்த்து, "உம்மட ஆக்களுக்கெண்டால் அந்தக் காணி பொருந்தும், துவாரகன்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டான். ரோசக்காரன். இந்தக் காலத்திலும் ஒரு பகிடியைப் பொறுக்கத் தெரியாத ஆட்கள்.

கடைசியில், படித்த ஆளே வந்து பொதுக்கூட்டத்தில் விளக்கட்டும், அதற்குப் பிறகு வாக்கெடுப்போம் என்று முடிவு. படித்த ஆள் என்றது உன்னைத்தான், வேறு வழி இல்லாததால். ஜூன் ஐந்தாம் திகதி சனிக்கிழமை. வா. கொஞ்சம் நல்ல விதமாகச் சொல்லு. எலும்பைத் தூக்கிக்கொண்டு வராதே. எங்கள் வீட்டில் தங்கலாம், உன் அண்ணியிடம் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

பாலச்சந்திரன்


ஸ்டுட்கார்ட்
09.06.2004

அண்ணா,

எலும்பைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன், பார்த்தீர்கள்.

உங்கள் வீட்டு வாசலில் அண்ணி என்னை "வாங்கோ" என்று சொல்ல முன் துவாயும் புதுச் சவர்க்காரமும் நீட்டினார். குளித்தேன். பயணக் களைக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் இருந்து எழும்பிய கதிரையை அவர் ஈரத் துணியால் துடைத்ததையும் பார்த்தேன். அந்தக் கதிரையில் என்னோடு இருந்தது என் ஜீன்ஸ் மட்டும்தான், அது கடையில் வாங்கியது.

கூட்டத்தைப் பற்றி நான் எழுதுவது நீங்கள் அங்கே இல்லை என்பதற்காக இல்லை. இருந்தீர்கள், ஆனால் பெரும்பாலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மைக் வேலை செய்யவில்லை. அதைப் பூட்டுகிறவன் வரவில்லை. அவன் எங்கே என்று அந்த மண்டபம் நிறைந்த ஆட்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, ஒருவர் மாறி ஒருவர் பொத்தானைத் தட்டிப் பார்த்தார்கள். நான் பெட்டியைத் திறக்க முன் உங்கள் தலைவர் எழுந்துபோய்ப் பிள்ளையாருக்குத் திரை போட்டார். யானைத் தலை வைத்த சாமி நாய்த் தலையைக் கண்டு பயந்துவிடுவார் என்று நினைத்தாராக்கும்.

உரத்த குரலில் சொன்னேன், கேட்டிருப்பீர்கள். அந்த வீட்டாரின் சமையற் குப்பை தனிக் குழியில் இருந்தது. மாட்டின் பாதம், ஆட்டின் தலை. கசாப்புக் கடையில் மற்றவர்கள் வாங்கியபின் மிஞ்சுவது. சுற்றிவர அத்தனை குதிரை இறைச்சி கிடந்தும் அந்தக் குழியில் ஒரு குதிரை எலும்பு இல்லை. ஊருக்குக் குதிரை விலக்கு, அவர்களும் விலக்கி வைத்திருந்தார்கள். அவர்களைப் பிணந்தின்னிகள் என்று ஊர் சொல்லியிருக்கும். எலும்பு அப்படிச் சொல்லவில்லை.

பிறகு நாயைக் காட்டினேன். உரித்து எறிந்த நாய்களுக்குள் இது ஒன்றில் மட்டும் கத்திக் கீறலே இல்லை. வேலியோரம் தனிக் குழியில், கால் மடக்கிப் படுத்தபடி. பின்னங்கால் உடைந்து வளைவாகப் பொருந்தியிருக்கிறது. பற்கள் அநேகமாக இல்லை, பல் விழுந்த குழிகள் மூடி வழவழப்பாகிவிட்டன. அந்த நாய் நொண்டியாகவும் பொக்கையாகவும் வருடக்கணக்கில் சீவித்திருக்கிறது. தானாக இரை தேடியிருக்க முடியாது. நாய்த் தோல் விற்றுப் பிழைத்த வீட்டில் யாரோ அதற்கு மெதுவானதாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள், செத்தபின் தோலை விட்டுவைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது பின்வரிசையில் இருந்த பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை கிட்ட வந்து தொடலாமா என்று கேட்டது. தாய் இழுத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, நாயின்ர கதை நல்லாத்தான் இருக்கு" என்றார் உங்கள் தலைவர். "ஆனால் அந்த மண்ணில கும்பம் வைக்கேலாது." சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மனிதர் எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார் போல.

விற்பதற்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்தும்படி கேட்டார்கள். உங்கள் கை மற்றவர்களுடைய கைகளுக்குப் பிறகு மெதுவாக உயர்ந்தது. மெதுவாக உயர்த்தினால் கணக்கில் வராது என்று நினைத்தீர்களா? நீங்கள் தேடிக் கண்டுபிடித்த காணி அது. அதைக் காப்பாற்றத்தான் என்னைப் பொய் எழுதச் சொன்னீர்கள். பொய்க்கு இருந்த துணிவு கையைக் கீழே வைத்திருக்க இல்லாமல் போனது.

நான் எலும்புகளைத் திரும்ப அடுக்கும்போது ஒருவரும் உதவிக்கு வரவில்லை. நீங்கள் வாசலில் நின்று தம்பித்துரையின் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஜெயமலர்


கெல்சென்கிர்ச்சன்
27.06.2004

ஜெயமலர்,

நீ வந்துபோன புண்ணியத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டு வயிறு குளிர்ந்து இரு.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முதல் ஆளாகப் போய்க் கதவு திறந்து விளக்கு ஏற்றுவது நான்தான். நிலவறையை வாடகைக்கு எடுத்த நாளில் இருந்து அப்படித்தான். போன கிழமை திரியைத் தூண்டி நெருப்புப் பெட்டியை எடுத்தேன். தம்பித்துரை அண்ணை பின்னால் வந்து என் கையில் இருந்து அதை வாங்கினார்.

"பாலச்சந்திரன், நீர் கொஞ்ச நாளைக்கு விலகி நில்லும்" என்றார். "தங்கச்சி அந்தப் பெட்டியளோட உம்மட வீட்டிலதானே படுத்தவ. சனம் கதைக்குது."

சனம் என்று சொன்னது யாரை என்று கேட்டேன். அவரே விளக்கை ஏற்றினார். தேங்காய் உடைக்க வந்து நின்ற பெடியன்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாராவது ஒருவர், "ஏன் அண்ணை அப்பிடிச் சொல்லுறியள்" என்று ஒரு சொல் கேட்பார் என்று காத்திருந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கோயில் திறப்புக் கொத்தைத் தட்டத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் செயலாளர் பதவியில் இருந்தும் விலகிக் கடிதம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அண்ணி அழுதாள். "நான் வீடு முழுக்க மஞ்சள் தண்ணி தெளிச்சனான் எண்டு சொல்லியிருக்கலாமே" என்றாள். அதை நான் சொல்லியிருக்க வேண்டுமாம்.

இந்த மனிதருக்கு நான் எத்தனை வருடம் கதவு திறந்துவிட்டிருக்கிறேன். கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது ஒரே அறையில் ஒரே போர்வையில் கிடந்தவர்கள் நாங்கள். அப்போது யார் யாரைத் தொட்டது என்று அவர் பார்க்கவில்லை. இந்தக் கேவலத்தைத் தாங்க எனக்கு ஏலாது. நீ எலும்பு பொறுக்கப் போனதால் என்னை ஒதுக்கி வைக்கிறார்கள். உன்னால்தான்.

பாலச்சந்திரன்


ஸ்டுட்கார்ட்
05.07.2004

அண்ணா,

வயிறு குளிரவில்லை. நீங்கள் அவமானப்பட்டதைக் கேட்டு நான் மகிழ்வேன் என்று நினைக்கும் அளவுக்கு என்னை அறிந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு சொல் கேட்பார்கள் என்று காத்திருந்ததாக எழுதுகிறீர்கள். துவாரகன் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு படியேறியபோதும் அவன் அப்படித்தான் காத்திருந்திருப்பான். ஒவ்வொரு படியிலும். அன்றைக்கு அது பகிடி, அவன் ரோசக்காரன். அதே மனிதர், அதே சிரிப்பு, அதே சொல்லை உங்கள் பக்கம் திருப்பியதும் அது கேவலம். துவாரகனுக்குச் சொன்னபோது உங்களுக்குக் காது கேட்கவில்லை. உங்களுக்குச் சொன்னபோதுதான் கேட்டது.

உங்கள் பதவி விலகலை ஒரு வீரமாக நான் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தால் மன்னிக்கவும். நெருப்புப் பெட்டியைத் திருப்பித் தந்திருந்தால் நீங்கள் இன்றைக்கும் அங்கேதான் நின்றிருப்பீர்கள்.

"உன்னால்தான்" என்று நீங்கள் எழுதியதற்கு மறுமொழி எழுத நான் மினக்கெடவில்லை.

ஜெயமலர்


கெல்சென்கிர்ச்சன்
18.09.2004

ஜெயமலர்,

உன் கடிதத்துக்கு உடனே ஒரு பதில் எழுதினேன். நீ தாங்கமாட்டாய், அப்படி எழுதினேன். தபாலில் போடவில்லை. நல்லெண்ணத்தால் இல்லை, முத்திரை வாங்கப் போகச் சோம்பலாக இருந்தது என்று வைத்துக்கொள்.

காணியை ஒரு டயர் கடைக்காரன் வாங்கிவிட்டான். சங்கம் வேறு இடம் தேடுகிறது. என்னை யாரும் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துவாரகன் வீட்டுக்குப் போனேன். நீ சொன்னதற்காகப் போனேன் என்று நினைக்காதே. உன் சொல்லுக்கு ஆடுகிற ஆள் நான் இல்லை. ரயில் பாதைக்குப் பக்கத்தில் பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு, மூன்றாம் மாடி. என் வீட்டுக்கு அவன் எத்தனையோ தரம் வந்திருக்கிறான், மீற்றர் பெட்டி பார்க்க, விளக்கு மாட்ட. அவன் வீட்டு இலக்கத்தை நான் கீழே மணிப் பொத்தான்களில் பெயர் பெயராகத் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

கதவைத் திறந்தான். உள்ளே பிள்ளைகள் தொலைக்காட்சி பார்க்கிற சத்தம். கறி வாசம் வந்தது. அவன் நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன அலுவல் அண்ணை?" என்றான்.

"சும்மா வந்தனான்" என்றேன்.

"சும்மா எங்கட வீட்டுக்கு நீங்கள் வந்ததில்லையே."

செயலாளர் பதவியை விட்டது, விளக்கு ஏற்றவிடாதது, எல்லாம் சொன்னேன். எனக்கும் அதேதான் நடந்தது என்று சொல்ல வந்தேன். பாதியில் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டான், ஒரு பழுதான சாமானைப் பற்றி வீட்டுக்காரர் விளக்கும்போது கேட்பானே, அப்படி. பிறகு கேட்டான்:

"அண்டைக்கு நீங்களும் சிரிச்சனீங்களோ?"

நான் அன்றைக்கு உனக்கு எழுதிய கடிதத்தில் எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதினேன். அதற்குள் நான் இருந்தேனா இல்லையா என்று நீயும் கேட்கவில்லை. இவ்வளவு கேட்டவள் அதைக் கேட்கவில்லை. நிலவறையில் வெளிச்சம் குறைவு, நான் முன்வரிசை, அவன் பின்னால். இல்லை என்று சொல்லியிருக்கலாம், அவனுக்குத் தெரிந்திருக்காது.

"ஓம்" என்றேன்.

தலையை ஆட்டினான். "அதைத் தெரியத்தான் கேட்டனான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். அடித்துச் சாத்தவில்லை. உள்ளே இருந்து மனைவி யார் என்று கேட்டதும், "ஒருத்தரும் இல்லை" என்று அவன் சொன்னதும் எனக்குக் கேட்டது.

பிறகு இன்னொரு ஞாயிறும் போனேன். மணியை அழுத்தினேன். உள்ளே ஆள் இருக்கிறது, கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டு ஜேர்மன் கிழவி எட்டிப் பார்த்து, உள்ளே ஆள் இல்லைப் போல, வேண்டுமானால் தகவல் சொல்லுகிறேன் என்றாள். என்ன தகவல் என்று எனக்கே தெரியாததால் வேண்டாம் என்றேன்.

கமலநாயகி என்னை விசரன் என்கிறாள். திறக்காத கதவில் போய் நிற்க உங்களுக்கு வெட்கம் இல்லையா என்கிறாள். இருக்கிறது. படியேறும்போதும் இருக்கிறது, இறங்கும்போதும் இருக்கிறது.

நாளைக்கு ஞாயிறு. போகப்போகிறேன். இதைப் பற்றியும் நீ ஏதாவது எழுதுவாய். எழுது.

பாலச்சந்திரன்